படகுக்கும் ஒரு பங்கு: தீர்மானம் எடுக்காமல் புத்தாண்டுத் திட்டம் போடுவது எப்படி

2019 ஜனவரி 1ஆம் தேதி காலை ஐந்து மணிக்கு எழுந்து, இராமேசுவரம் பக்கம் இருக்கும் எங்கள் ஊரான மண்டபத்தின் வடக்குக் கடற்கரையில் நடக்கப் போனேன். தினமும் ஒரு மணி நேர நடை, சர்க்கரையைத் தொடுவதில்லை, டைரி எழுதுவது, மாதம் 3,000 ரூபாய் மிச்சம் பிடிப்பது என்று மொத்தம் நான்கு தீர்மானங்கள். வாடைக்காற்று அடித்த அடியில் ஆறாம் தேதி சளி, எட்டாம் தேதி காய்ச்சல். 15ஆம் தேதி பொங்கல், சர்க்கரைப் பொங்கலை வேண்டாம் என்று சொன்னால் அத்தை விடுவாரா? டைரியில் ஜனவரி 11 வரைதான் என் கையெழுத்து. அதற்குப் பிறகு அதில் அத்தை பால் கணக்கு எழுதியிருக்கிறார், டிசம்பர் 31 வரை ஒரு நாள் விடாமல்.

காய்ச்சலில் படுத்திருந்தபோது அத்தை கஞ்சியை வைத்துவிட்டுச் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கே மூலம். "வாடைக்கு எவளாவது வடக்கே நடப்பாளா? தெக்க போகவேண்டியதுதானே."

எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. வாடை அடிக்கும் மாதங்களில் வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், கொந்தளிக்கும், தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், அடங்கியிருக்கும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வந்தால் அப்படியே தலைகீழ். அதைப் பார்த்துத்தான் நாட்டுப்படகுக்காரர்கள் படகை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மாற்றிக் கட்டுகிறார்கள். "இந்த வருஷம் வடக்கேதான் தொழில் செய்வேன்" என்று யாரும் ஜனவரி 1ஆம் தேதி சத்தியம் பண்ணுவதில்லை. என் வீட்டுக்காரர் விசைப்படகில் டிரைவர், நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் போடும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். இத்தனை வருஷம் கடற்கரையில் இருந்துகொண்டு இது எனக்கு உறைக்கவில்லை என்பதுதான் வெட்கம்.

அதற்குப் பிறகு தீர்மானம் எடுப்பதை விட்டுவிட்டேன். பதிலுக்கு, டிசம்பர் கடைசியில் ஆரம்பித்துத் தை பிறப்பதற்குள் ஒரு நோட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு திட்டம் போட்டுக்கொள்கிறேன். உடம்பு, காசு, வீடு, ஆட்கள், மனசு எல்லாம் அதில் சேர்ந்தே இருக்கும். இதுவரை இப்படி எதுவும் எழுதிப் பார்க்காதவர்களுக்காக அதைப் படிப்படியாகச் சொல்கிறேன். இதில் யாரும் பாஸ், ஃபெயில் ஆவதில்லை, அதனால் தைரியமாக ஆரம்பிக்கலாம்.

முதலில் என்ன வேண்டும்

ஒரு 80 பக்க நோட்டு, ஒரு பென்சில் (பேனா வேண்டாம், அழிக்க நிறைய வரும்), மளிகைக்கடையிலோ நகைக்கடையிலோ தருகிற ஒரு மாதக் காலண்டர். தினசரி கிழிக்கிற காலண்டர் இதற்குச் சரிப்படாது, பன்னிரண்டு மாதமும் கண்ணில் படவேண்டும். அப்புறம் மூன்று நான்கு சாயங்காலம், அரை அரை மணி நேரம். டிசம்பர் 31 ராத்திரி மட்டும் உட்காராதீர்கள். அன்றைக்கு எல்லோரும் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டிருப்போம், எழுதுவதெல்லாம் சபதமாகத்தான் வரும்.

ஆப் வேண்டுமா என்று கடைக்கு வருகிற காலேஜ் பிள்ளைகள் கேட்கிறார்கள். வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் நோட்டை எடுத்தால் நோட்டு மட்டும்தான் திறக்கும், போனை எடுத்தால் இன்ஸ்டாகிராமும் சேர்ந்து திறக்கும்.

போன வருஷத்தை மார்க் போடாமல் பாருங்கள்

முதல் சாயங்காலம் இதற்கு மட்டும். ஞாபகத்தை நம்பாதீர்கள், அது கடைசி இரண்டு மாதத்தை மட்டும் சொல்லும், அதுவும் மழைக்கால மாதங்கள், எல்லாமே சோகமாகத் தெரியும். சாட்சி வேண்டும். போன் கேலரியை ஜனவரியிலிருந்து தள்ளிக்கொண்டே வாருங்கள். பாஸ்புக்கையோ ஜிபே கணக்கையோ பாருங்கள். வீட்டில் கிடக்கும் மருந்துச் சீட்டுகளை எடுங்கள். பார்த்துக்கொண்டே மூன்று தலைப்பில் எழுதுங்கள்: வந்தது, போனது, அப்படியே நிற்பது. நல்லது கெட்டது என்று பிரிக்கவேண்டாம். கடன் வந்தாலும் வந்ததுதான், தூக்கம் போனாலும் போனதுதான்.

நான் முதல்முறை இப்படிப் பார்த்தபோது கேலரியில் ஊரில் உள்ளவர்களின் ரேஷன் கார்டு, ஆதார் படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன (கடை வேலைக்கு எடுத்தது, இப்போதெல்லாம் அன்றைக்கே அழித்துவிடுகிறேன், நீங்களும் கடைக்காரரிடம் அழிக்கச் சொல்லுங்கள்). என் அம்மாவோடு எடுத்த படம் இரண்டே இரண்டு. அம்மா இருப்பது தொண்டியில், பஸ் ஏறினால் ஒரு பொழுதில் போய்வரும் தூரம். "அம்மாவை அடிக்கடி பார்க்கவேண்டும்" என்று நான் எந்த வருஷமும் தீர்மானம் எடுத்ததில்லை, ஏனென்றால் நான் அடிக்கடி பார்ப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உத்தரகோசமங்கையில் மரகத நடராசருக்கு வருஷம் முழுக்கச் சந்தனக்காப்பு இருக்கும். மார்கழித் திருவாதிரைக்கு முதல் நாள் மட்டும் அதைக் களைவார்கள், அபிஷேகம் முடிந்து மறுபடி புதுச் சந்தனம் சாத்துவார்கள். அத்தை வருஷம் தவறாமல் அதற்குப் போவார். நான் அந்த நாள் பக்கமாகத்தான் இந்த முதல் சாயங்காலத்தை வைத்துக்கொள்கிறேன். பழையதைக் களைந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தபிறகுதானே புதுசைப் பூசமுடியும். உங்களுக்கு அந்த நாள் வேறாக இருக்கலாம், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்று வைத்துக்கொண்டாலும் சரிதான்.

காலண்டரில் முதலில் உங்களுடையதை எழுதாதீர்கள்

இது இரண்டாவது சாயங்காலம், என்னைக் கேட்டால் முழு வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது. பன்னிரண்டு மாதத்தையும் எதிரே வைத்துக்கொண்டு, நீங்கள் நினைத்தாலும் மாற்றமுடியாததை எல்லாம் முதலில் குறியுங்கள்.

எங்கள் வீட்டில் முதல் குறி தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. (முன்பு 45 நாள், 2017லிருந்து 61.) சித்திரை பிறக்கிற ராத்திரியே படகைக் கட்டிவிடவேண்டும் என்பதைக் கவனியுங்கள். நாமெல்லாம் வாழ்த்துச் சொல்லிக்கொள்ளும் அன்றைக்கு எங்கள் தொழில் நிற்கிறது. அடுத்த குறி மழை. எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்துக்கு வருகிற மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வந்துவிடும், அந்த மாதங்களில் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் தரமாட்டார்கள், யாரும் தொழிலுக்குப் போகமுடியாது. அப்புறம் கச்சான், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மணலும் தூசியுமாக வீசும். தை அமாவாசை, ஆடி அமாவாசைக்கு இராமேசுவரத்தில் கூட்டம் நெரியும், ஆட்டோ, லாட்ஜ், சங்குக் கடை வைத்திருப்பவர்களுக்கு அந்த வாரம் வேறு எதற்கும் நேரம் இருக்காது. ரமலான் நோன்பு ஒவ்வொரு வருஷமும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும், அதனால் கீழக்கரையில் இருக்கிறவர் போன வருஷத்துக் காலண்டரை அப்படியே நகல் எடுக்கமுடியாது. மிளகாய் போட்டவர்களுக்குத் தை மாசி பங்குனி அறுவடை. சாயல்குடிப் பக்கம் பனையேறுகிறவர்களுக்கு அதற்குப் பின்னாடியே பதநீர் இறக்கும் காலம் தொடங்கிவிடும்.

இதெல்லாம் முடிந்தபிறகு வீட்டுக் குறிகள்: பள்ளிக்கட்டணம், நகைக்கடன் திருப்பும் தேதி, சீட்டு முடிகிற மாதம், மகளின் பரீட்சை, அம்மாவின் கண் பரிசோதனை.

குறித்துவிட்டு எழுந்து நின்று தள்ளியிருந்து பாருங்கள். எங்கே கறுப்பாக அப்பியிருக்கிறது, எங்கே வெள்ளையாக இருக்கிறது? எனக்கு மே, ஜூன் இரண்டும் மூச்சுமுட்டியது. வருமானம் இல்லாத இரண்டு மாதத்தின் கடைசியில் பள்ளிக்கூடம் திறக்கிறது, கட்டணம், நோட்டு, சீருடை எல்லாம் அப்போதுதான். வருஷாவருஷம் ஜூனில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் சண்டை வருவது எங்கள் குணக்கோளாறு என்று நினைத்திருந்தேன். காலண்டரைப் பார்த்தபிறகு அதில் முக்கால்வாசி தேதிக்கோளாறு என்று புரிந்தது.

படகுப் பங்கு

மூன்றாவது படிக்குப் போகுமுன் பங்கு பிரிப்பது பற்றிக் கொஞ்சம். மீன் விற்ற காசில் டீசல், ஐஸ் செலவு போக மீதியைப் பிரிக்கும்போது ஆளுக்கு மட்டும் பங்கு போடுவதில்லை, படகுக்கும் வலைக்கும் பங்கு உண்டு. எவ்வளவு என்பது ஊருக்கு ஊர், படகுக்குப் படகு மாறும். ஆனால் "படகு என்ன சோறா தின்கிறது, அதற்கு எதற்குப் பங்கு" என்று நான் அறிந்து யாரும் கேட்டதில்லை. பலகை இற்றுப்போகும், இஞ்சின் மக்கர் பண்ணும், வலை கிழியும், அன்றைக்கு அந்தப் பங்கிலிருந்துதான் எடுக்கவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இப்போது உங்கள் நாளை அப்படிப் பிரித்துப் பாருங்கள். வேலைக்கு ஒரு பங்கு போகிறது, வீட்டுக்கு ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு, பெரியவர்களுக்கு, கடன்காரருக்கு, போனுக்கு (போனுக்குப் போவது கொஞ்சநஞ்சமில்லை). இத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு போகிற படகு உங்கள் உடம்பும் மனசும்தான், அதற்கு என்ன பங்கு? நோட்டில் ஒரு பக்கத்தில் இதை எழுதுங்கள். கணக்காக வேண்டாம், பெரிய பங்கு, சின்னப் பங்கு, பங்கே இல்லை என்று போட்டால் போதும். முழுமையான வாழ்க்கைத் திட்டம் என்று பெரிய பெரிய வட்டம் போட்டு எட்டாகப் பிரிப்பதை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். வட்டத்தை நிரப்புவதிலேயே ஞாயிற்றுக்கிழமை போய்விடும். எது பங்கில்லாமல் நிற்கிறது என்று தெரிந்தால் போதும், இந்த வருஷம் அங்கேதான் வேலை.

எனக்கு முதல் வருஷம் பங்கில்லாமல் நின்றவை மூன்று: தூக்கம், அம்மா, என் முதுகு. எட்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற முதுகு.

உடம்பு விஷயத்தில் அலையவேண்டியதில்லை, மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் 2021லிருந்து பிரஷரும் சுகரும் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். பல வீடுகளில் அதற்காக வருகிற பெண் வரும்போது "அப்புறம் வாம்மா" என்று அனுப்பிவிடுகிறோம். நோட்டில் அவர் எழுதித்தரும் பிரஷர், சுகர் அளவை ஒட்டிவையுங்கள், அதுவே ஒரு ஆரம்பம்.

ஆசையை இரண்டு அளவில் எழுதுங்கள்

மூன்றாவது சாயங்காலம்தான் என்ன செய்யப்போகிறோம் என்பதற்கே வருகிறோம். பங்கில்லாதவற்றில் இரண்டு, மிஞ்சினால் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு அளவு எழுதவேண்டும், பாடு (வலையில் மீன் விழுவதை அப்படித்தான் சொல்வோம்) உள்ள நாளுக்கு ஒன்று, பாடு இல்லாத நாளுக்கு ஒன்று. முதலில் பாடு இல்லாத நாளை எழுதுங்கள்.

நடை என்றால்: பாடில்லாத நாளில் தெருமுனை வரை போய்த் திரும்புவது. நல்ல நாளில் 40 நிமிடம். முதுகுக்கு: பாடில்லாத நாளில் சுவரோடு சாய்ந்து இரண்டு நிமிடம் நிற்பது, நல்ல நாளில் பிசியோ சொல்லிக்கொடுத்த நாலு பயிற்சி. அம்மா: பாடில்லாத வாரத்தில் ஒரு போன், அதுவும் வேலை பார்த்துக்கொண்டே இல்லாமல் உட்கார்ந்து பேசுவது. நல்ல மாதத்தில் ஒரு முறை நேரில் போய் அங்கேயே ராத்திரி தங்குவது.

சின்ன அளவு வெட்கப்படும்படி சின்னதாக இருக்கவேண்டும். காய்ச்சலடித்தாலும், விருந்தாள் வந்தாலும், கரண்ட் போனாலும் முடிகிற மாதிரி. புதுசாக ஆரம்பிக்கிறவர்கள் தப்பு செய்வது பெரும்பாலும் இங்கேதான், பெரிய அளவை மட்டும் எழுதிவிட்டுச் சின்னதை மனசில் வைத்துக்கொள்வார்கள். எழுதவில்லை என்றால் அன்றைக்கு அது தோல்வியாகத்தான் தெரியும். எழுதியிருந்தால் அதுவும் திட்டப்படி நடந்ததுதான்.

அடுத்தது, "தினமும்" என்ற வார்த்தை. எங்கள் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி மூன்று நாள்தான் போகும், மற்ற நாள் நாட்டுப்படகுகளுக்கு. பாம்பன் சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கிற பெண்கள் மாதத்தில் 12 நாள் மட்டும்தான் எடுப்பது என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள், பாசி திரும்ப வளர இடம் கொடுக்கவேண்டுமே. தொழிலையே தினமும் செய்யாத ஊரில் யோகாசனத்தை மட்டும் தினமும் செய்வேன் என்பது என்ன நியாயம்? கிழமையைச் சொல்லுங்கள், எதற்குப் பின்னால் என்று சொல்லுங்கள். "செவ்வாய், வியாழன், கடையைப் பூட்டினதும், நேரே தெற்குக் கரைக்கு." இப்படி இடமும் நேரமும் கிழமையும் சேர்த்து எழுதினால் அன்றன்றைக்கு யோசிக்கிற வேலை மிச்சம்.

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று வாட்சப்பில் வரும். 1960இல் ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று கவனித்து எழுதியது அது, கைமாறிக் கைமாறி இப்படி ஆகிவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்காரர்கள் 96 பேரை வைத்துச் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தன்னால் வருகிற அளவுக்கு ஊற நடுவாந்திரமாக 66 நாள் ஆனது. ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் என்கிற அளவுக்கு வித்தியாசம் இருந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக எதுவும் கெட்டுப்போகவில்லை என்றும் அதிலேயே தெரிந்தது. அந்த 66ஐப் படித்ததும் எனக்குத் தடைக்காலம்தான் ஞாபகம் வந்தது, கிட்டத்தட்ட அதே நீளம். இப்போது புதுசாக ஏதாவது பழகவேண்டும் என்றால் ஏப்ரல் 15இல் தொடங்குகிறேன். வீட்டுக்காரரும் வீட்டில் இருப்பார், சமையலைப் பாதி அவர் தலையில் கட்டலாம்.

காசு, கொஞ்சம் கணக்காகவே

மாதம் 3,000 மிச்சம் பிடிப்பது என்ற என் பழைய தீர்மானம் ஏன் நிற்கவில்லை என்றால், எங்கள் வீட்டுக்கு மாதச் சம்பளமே கிடையாது. மாதச் சம்பளக்காரர் எழுதிய ஆலோசனையை எங்கேயோ படித்துவிட்டு நான் கடைப்பிடித்துக்கொண்டிருந்தேன். காசுத் திட்டம் உங்கள் வீட்டுக்குக் காசு எப்படி வருகிறதோ அந்த வடிவத்தில் இருக்கவேண்டும்.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். தடைக்காலம் இரண்டு மாதம், வீட்டுச்செலவு மாதம் 15,000 என்றால் 30,000. அரசு தடைக்கால நிவாரணம் 8,000 (5,000 ஆக இருந்தது, 2023இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் உயர்த்தி அறிவித்தார்கள்). அது போக 22,000 வேண்டும். மழை, காற்று, இலங்கைக் கடற்படை மீனவர்களைக் கைது செய்வதற்கு எதிரான வேலைநிறுத்தம் எல்லாம் கழித்தால் ஒன்பது மாதத்தில், மாதத்துக்கு ஒன்பது என்று 81 முறை தொழிலுக்குப் போய்வரலாம் என்று வைத்தேன். 22,000ஐ 81 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 270. ஆக, படகு கரைக்கு வந்த ஒவ்வொரு நாளும் 270 ரூபாய் தனி டப்பாவுக்கு. படகு போகாத நாளில் எதுவும் போடவேண்டாம், குற்ற உணர்ச்சியும் வேண்டாம். முதல் வருஷம் டப்பாவில் 22,000 சேரவில்லை, 14,000 சொச்சம்தான் சேர்ந்தது. அந்த ஜூனில் சண்டை வந்தது, ஆனால் நகை அடகுக்குப் போகவில்லை.

மீனவ மகளிராக இருந்தால் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறீர்களா என்று சங்கத்தில் கேளுங்கள். நாம் 1,500 கட்டினால் அரசுப் பங்காக 3,000 சேர்ந்து 4,500 ஆக வரும். தவணை விட்டுப்போகாமல் கட்டுவதைக் காலண்டரில் குறித்துவிடுங்கள், இதை விட லாபமான தீர்மானம் எதுவும் எனக்குத் தெரியாது.

உங்கள் புயல் கூண்டு

பாம்பனில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றினால் புயல் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, தூரத்தில் கடலில் ஏதோ உருவாகிறது, பார்த்துக்கொள் என்று அர்த்தம். ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண் இருக்கிறது. நமக்கு நாமே வைத்துக்கொள்வதில் நேராகப் பத்தாம் எண்தான், படுத்தபடுக்கை ஆனபிறகுதான் தெரியும்.

நோட்டின் கடைசி அட்டையில் உங்கள் ஒன்றாம் எண் அறிகுறிகளை எழுதுங்கள், மூன்று போதும். என்னுடையவை: தொடர்ந்து மூன்று ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பது, கடையில் வயசானவர்களிடம் எரிந்து விழுவது, குழம்பில் உப்பை மறப்பது. (மூன்றாவதை என் மகள் சேர்த்தாள்.) வீட்டில் கேட்டு எழுதுங்கள், நமக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும். இதில் இரண்டு ஒன்றாக வந்தால் அந்த வாரம் எல்லாமே சின்ன அளவுதான், புதுசாக எதையும் ஒப்புக்கொள்வதில்லை.

இரண்டு வாரம் ஆகியும் கூண்டு இறங்கவில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் நோட்டை மூடிவையுங்கள், இது நோட்டால் ஆகிற காரியமில்லை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. தர்காவுக்கோ கோவிலுக்கோ மாதா கோவிலுக்கோ போகவேண்டும் என்றால் தாராளமாகப் போங்கள், டாக்டரையும் பாருங்கள். ஏர்வாடி தர்காவிலேயே துஆவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் கொடுக்கிற ஏற்பாடு இருக்கிறது.

எதை விடுவது

நான்காவது சாயங்காலம், சின்ன வேலை. ஒரு பக்கத்தில் "கரையில்" என்று தலைப்புப் போட்டு, இந்த வருஷம் செய்யப்போவதில்லை என்று முடிவுசெய்ததை எழுதுங்கள். ஸ்கூட்டி ஓட்டப் பழகுவது இரண்டு வருஷம் என் கரையில் கிடந்தது. மாடியில் தோட்டம் இன்னும் கிடக்கிறது, உப்புத்தண்ணீர் ஊரில் அது எப்போது இறங்கும் என்று சொல்லமுடியாது. கரையில் கிடக்கிற படகைப் பார்த்து யாரும் அழுவதில்லை, சிலர் அதன் நிழலில் உட்கார்ந்து வலை பின்னுவார்கள்.

மாதம் ஒரு முறை திறந்தால் போதும்

தினமும் நோட்டைத் திறக்காதீர்கள். மாதம் ஒருமுறை, பத்து நிமிடம். எனக்கு அமாவாசை, ஏனென்றால் அன்றைக்கு வீட்டில் எப்படியும் வேலை மெதுவாக ஓடும். பிறை பார்க்கிறவர்களுக்குப் பிறை இருக்கிறது, முதல் வெள்ளிக்கிழமை பூசைக்குப் போகிறவர்களுக்கு அந்த நாள். கேட்டுக்கொள்ள வேண்டியது இரண்டே கேள்வி: எது ஓடுகிறது, எதை இடம் மாற்றிக் கட்டவேண்டும்? கச்சானில் தெற்குக் கரையில் நடக்கமுடியவில்லை என்றால் நடையை நிறுத்தவேண்டாம், வடக்கே மாற்றுங்கள். பரீட்சை மாதத்தில் தூக்கம் சரிவரவில்லை என்றால் மத்தியானம் அரை மணி நேரம் கடையைச் சாத்திவிட்டுத் தூங்குங்கள்.

முழுசாகவே விட்டுப்போனாலும் மறுபடி தொடங்க நாளா இல்லை? ஜனவரி போனால் தை 1, அது போனால் சித்திரை 1, அப்புறம் ஜூன் 15 படகுகள் திரும்பப் போகிற நாள், பள்ளிக்கூடம் திறக்கிற நாள், முஹர்ரம் பிறை, ஐப்பசியில் முதல் மழை. நான் போன வருஷம் மூன்று தடவை தொடங்கினேன்.

யாரிடம் சொல்வது என்று ஒரு சந்தேகம் வரும். ஸ்டேட்டஸில் போடாதீர்கள். வீட்டில் ஒருவரிடம் மட்டும், அதுவும் உங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். "நான் நடக்கப்போகிறேன்" என்று சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். "செவ்வாயும் வியாழனும் ஏழு மணிக்கு அடுப்பை நீ பார்த்துக்கொள்" என்று சொன்னால் அதில் சிரிக்க ஒன்றுமில்லை, முகம் வேண்டுமானால் சுருங்கும்.

டிசம்பர் வந்ததும் செய்யவேண்டிய இன்னொன்று, வீட்டுப் பத்திரம், சான்றிதழ், பாஸ்புக், இந்த நோட்டு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு ஒரே இடத்தில் வைப்பது. அத்தையின் அப்பா வீடு தனுஷ்கோடியில் இருந்தது, 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலுக்குப் பிறகு அவர்களிடம் ஒரு காகிதம்கூட இல்லை. மழை பிடித்தால் இன்றைக்கும் அத்தை முதலில் அந்தப் பையைத்தான் தொட்டுப் பார்ப்பார்.

இந்த வருஷ நோட்டு வாங்கியாயிற்று. அத்தை பார்த்துவிட்டு, "இதையும் பத்து நாள்தானே எழுதுவ, மிச்சத்துக்கு நான் பால் கணக்கு எழுதிக்கட்டுமா?" என்று கேட்டார். பின்னாலிருந்து இருபது பக்கம் கொடுத்திருக்கிறேன்.